"நான் இன்னா கிள்ளுக்கீரையா?"

ஐப்பசி பிறந்த இரண்டாவது வாரம். ராத்திரி முழுக்க மழை கொட்டித் தீர்த்து, விடியும்போது பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில் எங்கள் தெரு சேறாகக் கிடந்தது. அந்தச் சேற்றிலும் ஏழு மணிக்கெல்லாம் குரல் வந்துவிட்டது. "கீரேய்... மொளக்கீர, அரக்கீர, சிறுகீர, பொன்னாங்கண்ணீ..."

இந்த அக்கா பருத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிறார். பழைய டிவிஎஸ் 50, பின்னால் ஈரச் சாக்கு போர்த்திய கூடை. பத்து வருடமாக எங்கள் தெருவுக்கு இவர்தான் கீரை. அன்றைக்குக் கட்டு முப்பது ரூபாய் என்றார். அதற்கு முந்தின வாரம் இருபது. அம்மா வழக்கம்போலப் பேரம் பேசினார். கடைசியில் இரண்டு கட்டு ஐம்பது என்று முடிந்தது. அதோடு நின்றிருக்கலாம். அம்மா ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டே, பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டிலிருந்து ஒரு பிடி இலையைக் கொசுறாகக் கிள்ளி எடுத்துவிட்டார்.

அக்காவின் முகம் மாறிவிட்டது.

"கேட்டுட்டு எடும்மா. வேணாம்னா சொல்லப் போறேன்? நான் இன்னா கிள்ளுக்கீரையா?"

அம்மா அந்த இலையைத் திருப்பி வைக்கவும் முடியாமல், கையில் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். பிறகு "தப்புதாம்மா" என்று சொல்லி இன்னும் பத்து ரூபாய் கொடுத்தார். அக்கா அதை வாங்கிக்கொள்ளவில்லை. "காசுக்கு சொல்லலம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

எனக்கு அன்றைக்கு முழுக்க அந்தச் சொல்தான் மண்டையில். நாம் எத்தனை முறை கேட்டிருப்போம், சொல்லியிருப்போம். ஒரு கீரைக்காரர் வாயிலிருந்து, அதுவும் உண்மையாகவே கீரையைக் கிள்ளிய கையைப் பார்த்துச் சொன்னதாகக் கேட்டது எனக்கு அதுதான் முதல்முறை. உவமை தன் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததுபோல இருந்தது.

மதிப்பில்லாதவற்றைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே கிடையாது. சல்லிக்காசு பெறாதது, தம்பிடிக்கு உதவாதது, செல்லாக்காசு என்று ஒரு வரிசை முழுக்கக் காசிலிருந்து வந்தது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்று எண்ணிய காலம் அது. அப்படியென்றால் ரூபாயில் 192-இல் ஒரு பங்கு தம்பிடி. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததோடு அந்தக் கணக்கு போயிற்று. சொல் மட்டும் நாக்கில் நின்றுவிட்டது. நம் சென்னைக்கென்று ஜுஜுபி இருக்கிறது, சப்பை மேட்டர் இருக்கிறது.

ஆனால் பெரிய வரிசை அடுப்படியிலிருந்து வந்ததுதான். ஆளைச் சிறுமைப்படுத்தச் சுண்டைக்காய். வேலை முடிந்ததும் ஒதுக்கப்பட்டவன் கறிவேப்பிலை. உரிக்க உரிக்க உள்ளே ஒன்றும் இல்லாததற்கு வெங்காயம்; அதைப் பெரியார் மேடைக்கு மேடை சொல்லி ஊர் அறிந்த சொல்லாக்கினார். இவற்றோடு கிள்ளுக்கீரை. இந்த நான்கையும் ஒரே சாமான் என்று நினைத்துத்தான் நானும் இருந்தேன். யார் வாயில் எந்தச் சொல் வருகிறது என்று கவனித்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் பிடிபட்டது.

சுண்டைக்காய், மட்டம் தட்டுகிறவன் சொல்கிற சொல். "சுண்டைக்காய்ப் பய, இவன் என்கிட்ட பேச வந்துட்டான்" என்பான். கறிவேப்பிலை, தூக்கிப் போடப்பட்டவர் பிறகு புலம்பும்போது சொல்வது. கிள்ளுக்கீரை இரண்டிலும் சேராது. "அவன் ஒரு கிள்ளுக்கீரை" என்று நேராகச் சொல்வதை நான் கேட்டதே இல்லை. "என்னைக் கிள்ளுக்கீரைன்னு நினைச்சியா?", "எங்களைக் கிள்ளுக்கீரையாக எண்ண வேண்டாம்", "நான் இன்னா கிள்ளுக்கீரையா?" இப்படிக் கேள்வியாகவோ மறுப்பாகவோதான் வரும். மேடையில் கட்சிக்காரர்கள் சொல்வதையும் கவனியுங்கள். கூட்டணிப் பேச்சில் ஓரம் கட்டப்படுகிற கட்சிதான் அந்தச் சொல்லை எடுக்கும், பெரிய கட்சி எடுக்காது. எளிதாக நினைக்கப்பட்டவர், அது நடந்துகொண்டிருக்கும்போதே எதிர்த்து நின்று சொல்கிற சொல் இது. மதிப்பில்லாததைக் குறிக்கிற சொல்லைத் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள நம் மக்கள் பயன்படுத்துகிறார்கள்.

எனக்கும் ஒருமுறை இந்தச் சொல் தொண்டை வரை வந்திருக்கிறது. பல வருடம் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஆறு மாதம் நான் உட்கார்ந்து செய்த கணக்கை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இன்னொருவர் பெயரில் மேலே அனுப்பிவிட்டார்கள். அனுப்பியதைக்கூட நான் தாங்கியிருப்பேன். கேட்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை என்பதுதான் உறைத்தது. அந்த அக்கா "கேட்டுட்டு எடும்மா" என்றாரே, அதேதான்.

இந்தச் சொல்லின் உயிர் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? கீரையில் இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கீரை மலிவு, அதனால் அற்பம் என்று. நான் கிள்ளில் இருக்கிறது என்கிறேன். இலக்கணமே அதற்குச் சாட்சி சொல்கிறது. அறுகீரை என்று எழுதும்போது நடுவில் வல்லெழுத்து மிகவில்லை. ஊறுகாய், சுடுசோறு போல அது வினைத்தொகை. அறுத்த, அறுக்கிற, அறுக்கும் கீரை. அதையேதான் நாம் பேச்சில் அரைக்கீரை ஆக்கிவிட்டோம். ஆனால் கிள்ளுக்கீரையில் க் வந்து உட்கார்ந்திருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அதனால் இங்கே கிள்ளு என்பது பெயர்ச்சொல். "ஒரு கிள்ளு" என்கிறோமே, அந்தக் கிள்ளு. இரண்டு விரல் நுனி சேர்கிற அந்தச் சின்ன அசைவுதான் பெயராகி முன்னால் நிற்கிறது. கீரை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

கீரையை எடுக்கத் தமிழில் எத்தனை வினை இருக்கிறது பாருங்கள். முளைக்கீரையையும் சிறுகீரையையும் வேரோடு பிடுங்குவோம். அரைக்கீரையை அறுப்போம். முருங்கைக்கீரையை ஒடிப்போம், அப்புறம் உருவுவோம். அகத்தியைப் பறிப்போம். வீட்டுக்கு வந்ததும் ஆய்வோம். இவற்றில் பிடுங்கக் கொஞ்சம் பலம் வேண்டும், அறுக்கக் கத்தி வேண்டும், ஒடிக்கக் கொம்பை வளைக்க வேண்டும். கிள்ள ஒன்றும் வேண்டாம். கையை வீசிக்கொண்டு போகிறவர்கூடப் போகிற போக்கில் கிள்ளலாம். கிள்ளியதுகூடத் தெரியாது. கருவி வேண்டாம், நேரம் வேண்டாம், அனுமதியும் வேண்டாம் என்கிற நினைப்பு அந்த இரண்டு விரலில் இருக்கிறது. இழிவு அங்கேதான் பிறக்கிறது. "கீரைத்தண்டு பிடுங்க ஏலேலோ பாட்டா?" என்று ஒரு பழமொழியே உண்டு. கீரை பறிப்பது பாட்டுப் பாடிச் செய்கிற அளவுக்கு ஒரு வேலையா என்று கேட்கிற பழமொழி.

அது வேலைதான் என்பதை அடுத்த வாரம் அதே அக்கா எனக்குச் சொன்னார். அம்மா ஏற்கெனவே அவரோடு சமாதானம் ஆகிவிட்டிருந்தார், காபியும் கொடுத்திருந்தார். நான் பக்கத்தில் நின்று, "அக்கா, கிள்ளுக்கீரைன்னு தனியா ஒரு கீரை இருக்குதா?" என்று கேட்டேன்.

"எது கிள்றமோ அது கிள்ளுக்கீரைதான். தண்டுல வளர உட்டு நுனிய நுனிய எடுக்கறது. எங்க மாமியார் வீட்டுப் பின்னாடி போட்டிருப்பாங்க. இப்ப யாரு போடறா?"

"ஏன் போடறதில்ல?"

"ஆளு எங்க? மொளக்கீரன்னா வெதச்சா இருவது இருவத்தஞ்சு நாளு, ஒரேயடியா பிடுங்கி கட்டி எடுத்தாந்துடலாம். கிள்ற கீரைக்கு வாராவாரம் அதே பாத்தில குனியணும். ஒவ்வொரு செடியா பாத்து எடுக்கணும். இடுப்பு போயிடும். பிடுங்கறதவிட கிள்றதுதாம்பா கஷ்டம்."

இதைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. கிள்ளுவது சுலபம் என்பது ஒரு செடியைக் கிள்ளுகிறவரின் கணக்கு. ஒரு பாத்தி முழுக்கக் கிள்ளுகிறவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. இந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் வந்ததற்குக் காரணம், அதை உருவாக்கியவர்கள் கொல்லையில் ஒரு வேளைக் குழம்புக்குக் கீரை எடுத்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். சந்தைக்கு அனுப்பியவர்களாக இருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள். கிள்ளுக்கீரை நம் கடைக்கு வருவதே இல்லை என்பதையும் பாருங்கள். நாம் வாங்குகிற முளைக்கீரைக் கட்டின் அடியில் வேரும் மண்ணும் இருக்கும். அரைக்கீரை அறுத்த தண்டோடு வரும். கிள்ளியது வீட்டுச் சட்டிக்கு மட்டுமே போகிறது. விலையே போடப்படாத பொருள் அது. விலை இல்லாததை மதிப்பில்லாதது என்று எடுத்துக்கொள்வது நமக்கெல்லாம் பழகிப்போன தவறு.

வேளாண்மைத் துறைக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமாக இருந்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கீரை ரகங்களில் கோ 3 என்று ஒன்று உண்டு. கிள்ளி எடுப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த ரகம் அது. விதைத்து மூன்று வாரத்தில் கிள்ளத் தொடங்கலாம். மூன்று மாதத்துக்குள் பத்து முறை வரைக்கும் எடுக்கலாம். பிடுங்குகிற கீரை ஒருமுறைதான் தரும். இது பத்து முறை.

அது எப்படித் திரும்பத் திரும்பத் தருகிறது என்பதும் அழகான விஷயம். செடியின் உச்சிக் குருத்தில் ஆக்சின் என்ற ஊக்கி சுரந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அது இறங்குகிற வரை இலைக்கக்கத்தில் இருக்கும் பக்க மொட்டுகள் பேசாமல் கிடக்கும். உச்சியைக் கிள்ளிவிட்டால் அந்தத் தடை போய்விடுகிறது. கீழே உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் விழித்து, ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு மூன்று தண்டு கிளம்பும். எங்கள் ஆயா, "கிள்ளாத கீரை பூத்துப் போகும்" என்று சொல்லிக் காலையில் என்னைக் கொல்லைக்கு அனுப்புவார். அவருக்கு ஆக்சின் தெரியாது. எந்தக் கணுவுக்கு மேலே கிள்ள வேண்டும் என்று தெரியும். அதற்குக் கீழே கிள்ளினால் கையிலேயே ஒன்று வைப்பார்.

இனிமேல் சொல்லப் போவதுதான் என்னை இந்தப் பதிவை எழுத உட்கார வைத்தது.

பிற மொழிகளில் அற்பத்துக்கு என்ன சொல்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சின்ன உருளைக்கிழங்கு என்றார்கள். ஆங்கிலத்தில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இந்தியில் ஒருவரை மட்டம் தட்ட, "நீ எந்த வயல் முள்ளங்கி?" என்று கேட்பார்கள். ஜெர்மன்காரர்கள் ஒரு காளான்கூடப் பெறாது என்பார்கள். எல்லா ஊரிலும் மலிந்து கிடந்த காய்கறிதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. சரிதான் என்று படித்துக்கொண்டே போனால் ஸ்பானிய மொழியில் வந்து நின்றுவிட்டேன். எனக்கு அதைப் பற்றித் துளியும் கவலையில்லை என்பதற்கு அவர்கள், "எனக்கு அது ஒரு பிளேதோ" என்கிறார்கள். 1939-இல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்தின் முடிவில் கதாநாயகன் கதாநாயகியை உதறிவிட்டுப் போகிற இடம் இருக்கிறதே, அந்தப் புகழ்பெற்ற வசனத்தை ஸ்பானியத்தில் இந்தச் சொல்லை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

பிளேதோ என்றால் கீரை. அதுவும் ஏதோ ஒரு கீரை இல்லை. அமராந்தஸ் பேரினத்துக் கீரை. நம் முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, குப்பைக்கீரை எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்.

அந்தச் சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு போனால் லத்தீனில் பிளிட்டம், கிரேக்கத்தில் பிளிட்டோன். அங்கேயும் இதே கதைதான். ரோம நாடகாசிரியர் பிளாட்டஸ் ஒன்றுக்கும் உதவாத ஆளைத் திட்ட இந்தக் கீரையிலிருந்து ஓர் அடைமொழி செய்திருக்கிறார். கி.மு. 423-இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் 'மேகங்கள்' நாடகத்தில் மந்தமான பிள்ளைக்கு இந்தக் கீரையின் பேரை வைத்தே ஒரு வசவு வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் இயற்கை வரலாறு எழுதிய பிளினி, இது சுவையோ காரமோ இல்லாத சோம்பல் கீரை, அதனால்தான் கிரேக்க நாடகாசிரியர் மெனாண்டரின் நாடகத்தில் கணவன்மார் பெண்டாட்டிகளை இந்தப் பேர் சொல்லித் திட்டுகிறார்கள் என்று காரணமே எழுதி வைத்திருக்கிறார்.

ஏதென்ஸுக்கும் பூந்தமல்லிக்கும் என்ன சம்பந்தம்? யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்க வழியில்லை. விதைக்காமலே குப்பைமேட்டில் முளைக்கும், தண்ணீர் ஊற்றாமலே வளரும், கேட்காமலே கிள்ளலாம் என்கிற ஒரு செடியைப் பார்த்து, ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இந்தச் செடிக்கு அறிவியல் பெயர் வைத்தவர்கள் எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல்லுக்கோ வாடாதது என்று பொருள்.

எல்லா மக்களும் அப்படிப் பார்க்கவில்லை என்பதற்கு மெக்சிகோ சாட்சி. அங்கே அஸ்டெக் மக்களுக்கு இதே பேரினத்துச் செடியின் விதைதான் தானியம். மக்காச்சோளத்தோடு சேர்த்து அரசனுக்குத் திறையாகச் செலுத்திய தானியம். பண்டிகைக்கு அதன் மாவைத் தேன்பாகில் பிசைந்து, தங்கள் பெருந்தெய்வம் உயிட்ஸிலோபோச்ட்லியின் உருவத்தையே செய்து, வழிபட்டு, பிறகு பிட்டுப் பகிர்ந்து உண்டார்கள். 1521-இல் அவர்கள் தலைநகரம் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. பின்னால் அந்த வழிபாட்டைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதிய சஹகூன் என்ற ஸ்பானியத் துறவி, அந்த மாவை என்னவென்று எழுதினார் தெரியுமா? பிளேதோ மாவு. அவர் மொழியில் அந்தச் செடிக்குப் பழகிய பெயர் அது. ஒரு மக்கள் சாமியாக வைத்து உண்டதை, இன்னொரு மொழி அற்பம் என்ற சொல்லாலேயே எழுதி வைத்துவிட்டது. அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இங்கே சென்னீர்குப்பத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் யோசிக்கும்போது வேறொரு கவலையும் வருகிறது. நாங்கள் இங்கே வீடு கட்டி வந்தபோது ஆவடி சாலையை விட்டு உள்ளே நடந்தால் கீரைப் பாத்தி பார்க்கலாம். காலை வெயிலில் சின்னச் சின்னச் சதுரமாகப் பச்சை, நடுநடுவே சிவப்புத் தண்டுக்கீரை. இப்போது அந்த இடங்களில் கல் நட்ட மனைகள். அக்காவும் தன் நிலம் என்று சொல்வது குத்தகைக்கு எடுத்த ஒரு துண்டுதான். மனை விற்கும் வரைக்கும் பயிர் வைத்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பேச்சு. எப்போது ஜேசிபி வந்து நிற்கும் என்று தெரியாத பாத்தியில்தான் அவர் கடுகைவிடச் சின்ன விதையை மணலோடு கலந்து தூவிக்கொண்டிருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் பிடுங்கி, கட்டுப் போட்டு, வேரை அலசி, ஏழு மணிக்கு நம் வாசலில் நிற்கிறார். வெயில் ஏறினால் கீரை துவண்டுவிடும். துவண்டதை நாம் வாங்க மாட்டோம்.

மழைக்காலத்தில் விலை ஏறுவதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்தால் முளைக்கீரை தரையோடு சாய்ந்துவிடும். இலையில் மண் தெறிக்கும். பாத்தியில் தண்ணீர் நின்றால் ஒரே நாளில் வேர் அழுகும். பத்துப் பாத்தியில் நான்கு தேறினால் அந்த நான்கில்தான் பத்துப் பாத்தியின் செலவையும் எடுக்க வேண்டும். அன்றைக்கு அவர் கேட்ட முப்பது ரூபாயில் சாய்ந்துபோன ஆறு பாத்தியும் சேர்ந்திருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் அது அப்போது தெரியாது.

இந்த வாரம் அம்மா மாடியில் இரண்டு பழைய பெயிண்ட் டப்பாவில் மண் நிரப்பி அரைக்கீரை விதை தூவியிருக்கிறார். விதை கொடுத்தது அந்த அக்காதான். காசு வாங்கவில்லை. "வளந்ததும் எனக்கு ஒரு கிள்ளு குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரில் கிள்ளுக்கீரை என்று எந்தச் செடியைச் சொல்கிறார்கள், வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துச் சொல்லுங்கள். கொல்லையில் கிள்ளிய தலைமுறை போவதற்குள் அதை எழுதி வைத்துவிட வேண்டும். இன்னொன்று, கார்த்திகை மழை இன்னும் பாக்கி இருக்கிறது. கீரை விலை மறுபடி ஏறும். அந்த ஐந்து பத்து ரூபாய்க்குக் கீரைக்காரரிடம் பேரம் பேசாதீர்கள். கொசுறு வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.